சீட்டுக்கு அடியில் இருந்த டப்பா

1

உண்மையைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் மரியாதை. இந்தக் கதை பிறந்தது ஒரு வாட்ஸப் குழுவில். பழைய கேம்பர் வேன் வைத்திருப்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர் அதில் இருக்கிறார்கள். உள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக்கொண்டு போகிற இடத்தில் தூங்கி எழுந்து வருவதற்கான வேன்கள். வேன்களுக்கு ஐம்பது வயது, சொந்தக்காரர்களுக்கும் ஏறக்குறைய அதே வயது. மாதத்துக்கு ஒருமுறை அங்கே சண்டை வரும். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: பாயின்ட்டை நம்பலாமா, எலக்ட்ரானிக் இக்னிஷனை நம்பலாமா?

வண்டி சமாச்சாரம் பிடிக்காதவர்கள் எழுந்து போக வேண்டாம், ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். பெட்ரோல் இன்ஜின் ஓட வேண்டுமென்றால் சரியான நொடியில் பொறி தட்ட வேண்டும். பாயின்ட் என்பது இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள். அவை மூடித் திறக்கும்போது பொறி பிறக்கிறது. நாளாக ஆக அவை தேயும், கருகும், நடுவில் உள்ள இடைவெளி மாறும். நாலாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை யாராவது குந்தி உட்கார்ந்து அந்த இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். எலக்ட்ரானிக் பெட்டியில் தேய்வதற்கு எதுவுமில்லை, மாட்டிவிட்டு மறந்துவிடலாம். ஆனால் பாயின்ட் கெடுவதற்கு முன் பத்து நாள் முனகிக் காட்டும். பெட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடும். [இந்த இடத்தில் கணவர்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.]

அந்தக் குழுவில் ஒரு நண்பர். அவருக்கு நடந்ததுதான் இது. அவருக்கு விஸ்வா என்று பெயர் வைக்கிறேன்.

[“உண்மையைச் சொல்லிவிட்டு” என்று முதல் வரியில் எழுதியிருக்கிறேன் இல்லையா? அது அப்படியே இருக்கட்டும். திரும்ப வருவேன்.]

2

முதல் தொடக்கம்: “குறுவை அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே அந்த நீல வேன்—”

வேண்டாம். எங்கள் பக்கத்துக் கதை என்றால் வயலில்தான் கண் விழிக்க வேண்டுமா? இந்த விவகாரத்தில் வயல் எந்தத் தப்பும் செய்யவில்லை.

இரண்டாம் தொடக்கம்: “விஸ்வாவுக்கு ஐம்பத்து நான்கு வயதுவரை பொறாமை என்றால் என்னவென்றே—”

சுத்தப் பொய். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்கு ஜன்னலோர இடம் கிடைத்தபோது இரண்டு மாதம் அவரோடு பேசாமல் இருந்தவர் விஸ்வா. 

மூன்றாவது தேறுகிறது. ஸ்ரீரஞ்சனி சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேனை எடுத்தால் பாபநாசத்துக்குத்தான் போவாள்.

ஸ்ரீரஞ்சனி விஸ்வாவின் மனைவி. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறாள். புதுச்சேரியிலிருந்து ஊர் திரும்பிய ஒரு பிரெஞ்சுத் தம்பதியிடம் அந்த ஜெர்மன் வேனை வாங்கியது அவள்தான். விஸ்வா முதலில் சிரித்தார். பிறகு கொள்ளிடக் கரையில் வேனை நிறுத்தி, அவள் உள்ளிருந்தே காபி போட்டு நீட்டிய ஒரு காலையில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அந்த வேன் அவர்களுக்கு நல்லது செய்தது. மகன் வேலைக்குப் போனபின் வீட்டில் பேச்சுக் குறைந்திருந்தது. வேனில் ஏறினால் பேசினார்கள்.

ஆனால் வேன் என்றால் மெக்கானிக் என்று ஒருவர் இருப்பாரே. பாபநாசத்தில் மெயின் ரோட்டை ஒட்டி ஷெட் வைத்திருக்கும் ஜோசப்ராஜ். இன்ஜின் பின்பக்கம் இருக்கும் வண்டியைத் தொட மாட்டேன் என்று தஞ்சாவூரில் மூன்று பேர் கைகழுவிய பிறகு அவள் கண்டுபிடித்த ஆள்.

3

ஜோசப்ராஜை எப்படி எழுதுவது என்பதில்தான் பெரிய தகராறு.

முதல் பிரதியில் அவனுக்கு முறுக்கு மீசை வைத்தேன். பட்டன் போடாத சட்டை, வாயில் எப்போதும் ஒரு பாட்டு. அவன் இவன் என்றே எழுதிக்கொண்டு போனேன். எழுத எழுத எனக்கே சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு ஆளிடம் மனைவி சிரித்துப் பேசினால் எந்தக் கணவனுக்கும் கோபம் வரும், வாசகர்களும் கூட நிற்பார்கள்.

உண்மையான ஜோசப்ராஜ் குட்டையான மனிதர். மூக்கில் சோடாபுட்டிக் கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் திருப்பலிக்குப் போய்விட்டு மத்தியானம் தூங்குகிறவர். ஷெட்டை ஒட்டி அவர் மனைவி ஃபெபி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்கெல்லாம் கேட்காமலே டீ கொடுப்பார். ஒரே ஒரு தடவை ஜோசப்ராஜ் அசட்டுத்தனமாக ஏதாவது பேசியிருந்தால்கூடப் போதும், எனக்குக் கதை சுலபமாக இருந்திருக்கும். அந்த உதவியை அவர் செய்யவில்லை.

ஒரு சனிக்கிழமை விஸ்வாவும் கூடப் போனார். ஃபெபி டீ கொடுத்தார். வேனுக்குப் பின்னால் ஸ்ரீரஞ்சனி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்திருந்தாள். கையில் ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு. அதைப் பாயின்ட்டுக்கு நடுவே விட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். 

“லேசா புடிக்கணும் மேடம். சும்மா வழுக்கிட்டு வந்தா இடைவெளி ஜாஸ்தின்னு அர்த்தம்.”

“இப்ப?”

“இன்னும் ஒரு மயிரிழை.”

“இப்ப?”

“இப்ப நூத்துக்கு நூறு. ஒரு மில்லிமீட்டர்ல நாலு தசமம்.”

ஸ்ரீரஞ்சனி சிரித்தாள். வாத்தியாரம்மா நூறு மார்க் வாங்கிவிட்ட சிரிப்பு. விஸ்வாவுக்கு வயிறு எரிந்தது. இதைவிட நாகரிகமான வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அந்த இருவருக்கும் நடுவில் ஒரு முழ இடமும் ஒரு எண்ணெய் டின்னும் இருந்தன. அவருக்குத் தப்பாக எதுவும் தோன்றவில்லை. தப்பாகத் தோன்றியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவள் ஒருவர் சொல்வதை இவ்வளவு கவனமாகக் கேட்பாள் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. இன்னொருவருடைய ஷெட்டுக்கு வந்துதான் அதை அவர் பார்க்க வேண்டியிருந்தது.

அன்று சாப்பிடும்போது “ஜோசப்ராஜ் சொன்னாரு” என்று அவள் பதினோரு தடவை சொன்னாள். விஸ்வா எண்ணினார்.

மறு மாதம் அவள் பிறந்த நாள். விஸ்வா எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்து, பளபளக் காகிதம் சுற்றிக் கொடுத்தார்.

“இனிமே பாயின்ட் பாயின்ட்டுன்னு நீ அலைய வேணாம் பாரு.”

ஸ்ரீரஞ்சனி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு. யாரு மாட்டுவா?”

“யாராவது.”

“ஜோசப்ராஜ்தான் மாட்டணும்” என்றாள்.

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். விஸ்வாவால் முடியவில்லை. ஜோசப்ராஜ் முகம் கோணாமல் அரைமணியில் மாட்டிக் கொடுத்தார். “நல்ல சாமான் சார். தேயாது, மழை ஈரத்துக்கும் பயமில்ல. ஒண்ணே ஒண்ணு, இன்ஜின் நின்னிருக்கறப்ப சாவிய ஆன்ல வெச்சிராதீங்க. உள்ள சூடேறிச் செத்துரும். செத்தா என்ன செஞ்சாலும் எழுந்திரிக்காது.” 

விஸ்வாவுக்கு போன் வந்தது. ரோட்டோரம் போய்ப் பேசினார். திரும்பிப் பார்த்தபோது கழற்றிய பாயின்ட் செட்டை ஒரு பச்சைத் தகர டப்பாவில் போட்டு ஜோசப்ராஜ் அவளிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டு தலைகள் ஒரு டப்பாவின் மேல் குனிந்திருந்தன. என்ன பேசினார்கள் என்று விஸ்வா கேட்கவில்லை.

பாபநாசப் பயணமும் நிற்கவில்லை. பெட்டி ஒரு வேலையைத்தான் குறைத்தது. அந்த வேனில் இன்னும் நாற்பது வேலை இருந்தது.

4

இனி வருவதை நான் ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன்.

அடுத்த ஆடி மாதம். பீரோவில் விஸ்வா தன் பள்ளிச் சான்றிதழைத் தேடினார். அடித்தட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் சில கிடந்தன. அவற்றில் அவர்களுடையதும் ஒன்று, இருபத்தேழு வருடத்துப் பத்திரிகை, கெட்டி அட்டை. அதில் ஒரு பட்டை வெட்டப்பட்டிருந்தது. கிழிந்ததோ கரையான் அரித்ததோ அல்ல. அளவுகோல் வைத்து, கத்தரிக்கோலால் நேராக வெட்டியது. 

வெட்டிய இடத்தில் இருந்தது மணமகன் பெயர். பட்டம் உட்பட விஸ்வா மொத்தமாகக் காணாமல் போயிருந்தார். மணமகள் பெயர் பத்திரமாக இருந்தது.

நியாயமான மனிதன் என்ன செய்வான்? “இது என்ன?” என்று கேட்பான். அவள் கூடத்தில்தான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள், பதினைந்து அடி தூரம். விஸ்வா பத்திரிகையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். வேனைத் திறந்தார். பின் சீட்டுக்கு அடியில் அந்தப் பச்சை டப்பா இருந்தது. மேலே வெள்ளை டேப் ஒட்டி அவள் கையெழுத்தில் “அவசரத்துக்கு” என்று எழுதியிருந்தது. குலுக்கினார். உள்ளே ஏதோ உருண்டது.

மறுநாள் காலை நடைக்குப் போகும்போது டப்பாவை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார். புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கால்வாயில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் மேல் நின்று, முன்னால் போன பால்காரர் மறையும்வரை காத்திருந்து, போட்டார். அது மூழ்கியதும் மனம் லேசாக இருந்தது. டீக்கடைவரை இருந்தது.*

* ஏன் திறந்து பார்க்கவில்லை? விஸ்வாவிடம் பல தடவை கேட்டுவிட்டேன். உள்ளே கடிதம் இருந்துவிடுமோ என்று பயந்தாராம். ஜோசப்ராஜ் எழுதிய கடிதம் இல்லை, அப்படி எதுவும் இருக்காது என்று அவருக்கே தெரியும். விஸ்வாவைப் பற்றி அவள் எழுதியது ஏதாவது.

5

குழுவில் சண்டை போடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த எலக்ட்ரானிக் பெட்டி பதினான்கு மாதம் ஒரு குறையும் வைக்கவில்லை. சாவியைத் திருகினால் வண்டி ஓடியது. அதைக் கெடுத்தது மனிதன்.

ஐப்பசி. சீர்காழியில் ஸ்ரீரஞ்சனியின் தோழி அபயாம்பாள் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சுகிறாள். அன்று வண்டியை ஓட்டியவர் விஸ்வா. பாபநாசம் தாண்டி ஒரு ரயில்வே கேட், மூடியிருந்தது. இன்ஜினை நிறுத்தினார். புழுக்கம். அந்த வேனில் சின்ன ஃபேனும் ரேடியோவும் சாவி ஆனில் இருந்தால்தான் ஓடும். ஆன் செய்தார்.

“என்னங்க, சாவிய அப்படி வைக்கக் கூடாதுன்னு ஜோசப்ராஜ் சொன்னாரே.”

கடைசி இரண்டு வார்த்தைகள் இல்லாமல் அவள் அதைச் சொல்லியிருந்தால் விஸ்வா அணைத்திருப்பார். “ரெண்டு நிமிஷத்துல ஒண்ணும் ஆயிடாது” என்றார். முதலில் ஒரு சரக்கு ரயில் போனது, பிறகு ஒரு பயணிகள் ரயில். இருபது நிமிடம். கேட் திறந்தது. வேன் கிளம்பவில்லை.

பின்னால் நெல்மூட்டை ஏற்றிய டிராக்டர். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடிப்பதற்குள் மூட்டைகளைக் கொள்முதல் நிலையத்தில் இறக்க வேண்டிய அவசரம் அந்த ஆளுக்கு.

“சார், ஓரங்கட்டுங்க சார்! நெல்லு நனைஞ்சா யாரு பதில் சொல்றது?”

நாலு பேர் சேர்ந்து தள்ளி ஓரம் சேர்த்தார்கள். ஸ்ரீரஞ்சனி பதறவேயில்லை. விஸ்வாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “பதினஞ்சு நிமிஷ வேலை, பழைய பாயின்ட்ட நானே மாட்டிர்றேன்” என்று சொல்லிப் புடவையைச் செருகினாள். அவள் முகத்தில் சந்தோஷம்கூடத் தெரிந்தது. பின் சீட்டைத் தூக்கினாள்.

மெத்தையை எடுத்தாள். கயிறு, ஜாக்கி, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே வைத்தாள். தூறல் விழத் தொடங்கியது.

“இங்கதானே இருந்துச்சு.”

நானும் குனிந்து தேடினேன்.

[“விஸ்வாவும்” என்று இருக்க வேண்டும். திருத்தப் போவதில்லை.]

நானும் குனிந்து தேடினேன். போனில் டார்ச் போட்டு, பட்டப்பகலில், சீட்டின் அடியில் மூலை மூலையாக வெளிச்சம் காட்டினேன். என் கையால் ஆற்றில் போட்டதை அவள் பக்கத்தில் முழங்காலிட்டுத் தேடினேன். நான் செய்ததிலேயே கேவலமானது டப்பாவை எறிந்ததில்லை, இதுதான்.

“விடு, ஒரு தகர டப்பா. அதுக்குப் போயி” என்றேன்.

“பாயின்ட் வேற வாங்கிக்கலாங்க. அதுக்குள்ள நம்ம பத்திரிகை இருந்துச்சு.”

“எந்தப் பத்திரிகை?”

“நம்ம கல்யாணப் பத்திரிகை. ஃபீலர் கேஜ் கையில இல்லன்னா கெட்டி அட்டை ஒண்ண வெச்சே இடைவெளி பாத்துக்கலாம்னு ஜோசப்ராஜ் சொன்னாரு. எது சரியா இருக்கும்னு வீட்ல இருந்த எல்லார் பத்திரிகையையும் லேப்புக்கு எடுத்துட்டுப் போயி ஸ்க்ரூ கேஜ்ல அளந்தேன். ஏழு பத்திரிகை. நம்மளுது மட்டுந்தான் சரியா நாலு தசமம்.” முகத்தில் வழிந்த தூறலை முழங்கையால் துடைத்தாள். “உங்க பேரு இருந்த எடந்தான் மடிப்பில்லாம இருந்துச்சு. அத வெட்டி வெச்சேன்.”

நான் டார்ச்சை அணைத்தேன்.

அவள் போன் செய்தாள். ஜோசப்ராஜ் முக்கால் மணியில், பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு, பைக்கில் புது பாயின்ட் செட்டோடு வந்தார். மழையில் குந்தி உட்கார்ந்து மாட்டினார். வண்டி ஓடியது. அப்போது அவள் கேட்டாள்.

“ஆவணியில சர்வீசுக்கு விட்டப்ப சீட்டுக்கு அடியில இருந்ததெல்லாம் வெளிய எடுத்தீங்களா?”

“எடுத்தேன் மேடம், துடைச்சுத் திரும்ப வெச்சேன். டப்பா அப்பவே இல்லீங்க. வீட்ல வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“சரி” என்றாள் ஸ்ரீரஞ்சனி.

பல வருடமாகக் கல்லூரிப் பிள்ளைகளின் பொய்க் காரணங்களைக் கேட்டு அவள் சொல்லும் “சரி” அது. ஜோசப்ராஜுக்கும் அது புரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஈரத் துணியில், வெகுநேரம். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

6

ஆக, நண்பர் யாரும் இல்லை. விஸ்வாவும் இல்லை. என் மனைவியின் பெயர் ஸ்ரீரஞ்சனி இல்லை, ஜோசப்ராஜும் வேறு பெயர்க்காரர். மற்றதெல்லாம் நடந்தது.

நான் விரும்பியது எனக்குக் கிடைத்துவிட்டது. இரண்டு மாதமாக அவள் பாபநாசம் போகவில்லை. சாப்பிடும்போது யாரும் எதுவும் சொன்னதாகப் பேச்சில்லை. வேன் வாசலில் நிற்கிறது. போன வாரம், “வித்துரலாங்க, அது நமக்கு எதுக்கு?” என்றாள். ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்கத் திருச்சியிலிருந்து ஆள் வருகிறார்.

முடிவுகள் சில வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: தண்ணீர் நின்ற பிறகு யாரோ அந்த டப்பாவை ஆற்றில் கண்டெடுத்து, துருப்பிடித்த மூடிக்குள் என் பெயரைப் படித்து, முகவரி விசாரித்து— இல்லை. அட்டை எப்போதோ கரைந்திருக்கும்.

இரண்டாவது: கணவன் ஜோசப்ராஜிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். இதை முயன்றே பார்த்தேன். போன செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்துப் பாபநாசம் போனேன். ஃபெபி டீ கொடுத்து, “மேடம் வரலீங்களா சார்?” என்றார். நான் தேவையில்லாத ஒரு ஸ்பார்க் பிளக் வாங்கினேன். கிளம்பும்போது ஜோசப்ராஜ் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தார்.

“சார், ஒரு உதவி. டப்பாவ நான் எடுக்கலன்னு மேடம்கிட்ட நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க.”

“சொல்றேன்” என்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

மூன்றாவது முடிவில் இந்தக் கதை ஏதோ ஒரு பத்திரிகையில் வருகிறது, எல்லோரும் இதைக் கற்பனை என்று பாராட்டுகிறார்கள், வேன் திருச்சிக்குப் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனால்தான் இதை நம்பவில்லை.

வாசகர்களே, இதுவரை கூட வந்ததற்கு நன்றி. வழக்கமாக இப்படிப்பட்ட கதைகளில் முடிவை உங்கள் கையில் கொடுப்பார்கள். மன்னிக்க வேண்டும், நான் கொடுக்கப் போவதில்லை. என் கதைகளுக்கு எப்போதும் முதல் வாசகி ஒருத்தி உண்டு. காபி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, கையில் பென்சிலோடு, எங்கே பொய் சொல்கிறேனோ அங்கே சரியாகக் கோடு போடுவாள். நாளைக் காலை இது அவள் மேசையில் இருக்கும்.

நீ இந்நேரம் முதல் பத்தியிலேயே கண்டுபிடித்திருப்பாய். அவர் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். ஆற்றில் போட்டேன். உன் பக்கத்தில் மண்டியிட்டுத் தேடினேன். ஷெட்டில் நீ சிரித்ததைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். அதற்குமேல் ஒரு காரணமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. பீரோவில் இருந்த பத்திரிகையின் மீதியை இந்தக் கடைசித் தாளோடு குத்தி வைத்திருக்கிறேன். அதில் உன் பெயர் அப்படியே இருக்கிறது. அதே அட்டைதான், நாலு தசமம் இருக்கும், அளந்து பார்த்துக்கொள். பென்சிலும் கத்தரிக்கோலும் மேசையில் இருக்கின்றன.